பரமட்டாவின் பழைய கட்டடங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பரமட்டாவுக்குப் பக்கத்தில் குடிவந்த நாளிலிருந்து, ஊரிலிருந்து வரும் உறவினர்களையும் தமிழ்ப் பள்ளியில் பழகிய குடும்பங்களையும் அங்குள்ள பழைய கட்டடங்களுக்குக் கூட்டிக்கொண்டு போய் வருகிறேன். யாரைக் கூட்டிப் போனாலும் வருவது பெரும்பாலும் அதே கேள்விகள்தான். சிலவற்றுக்குச் சரியான பதில் தெரியாமல் திரும்பி வந்து, படித்துத் தெரிந்துகொண்டு, அடுத்த முறை சொல்லியிருக்கிறேன். அவற்றையெல்லாம் இங்கே ஒரே இடத்தில் வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

பரமட்டாவா? அது சிட்னியோட ஒரு ஏரியாதானே, அதுக்குன்னு தனி வரலாறு இருக்கா?

இருக்கிறது. சிட்னி நகரம் மேற்கே பரவிப் பரவி இதையும் தன்னோடு சேர்த்துக்கொண்டதால் இன்று தனி ஊராகத் தெரிவதில்லை, அவ்வளவுதான். கைதிகளை ஏற்றிவந்த முதல் கப்பல்கள் சிட்னி கரையில் இறங்கியது 1788 ஜனவரி 26. அதே ஆண்டு நவம்பர் 2 அன்று ஆளுநர் ஆர்தர் பிலிப் இங்கே இரண்டாவது குடியிருப்பைத் தொடங்கிவிட்டார். இரண்டு ஊருக்கும் பத்து மாதம்கூட வித்தியாசம் இல்லை. 1792 முடியும்போது, பக்கத்துத் தூங்காபியில் இருந்த அரசுப் பண்ணையையும் சேர்த்தால், சிட்னியைவிட இங்கேதான் ஆட்கள் அதிகம்.

1790இல் ஊருக்குத் தெரு போட்டார்கள். இன்றைய ஜார்ஜ் தெருதான் அது. படகுத்துறையிலிருந்து ஆளுநர் வீடு இருந்த மேடு வரை ஒரு மைல் நீளம், 205 அடி அகலம் என்பது திட்டம். இரு பக்கமும் கைதிகளுக்குக் குடிசைகள்: 24 அடிக்கு 12 அடி, மிலாறு பின்னி மண் பூசிய சுவர், புல் கூரை, ஒன்றுக்குப் பத்து ஆண்கள். அந்தக் குடிசைகளில் ஒன்றுகூட இன்று நிற்கவில்லை. ஆனால் அந்தக் கோடு நிற்கிறது. ஜார்ஜ் தெருவில் மேற்கே பார்த்தபடி நடந்தால் பிலிப் வரைந்த கோட்டின் மேல்தான் நடக்கிறீர்கள்.

பேரைக் கேட்டா தமிழ் மாதிரியே இருக்கே, 'பரம' ஏதாவது சம்பந்தம் உண்டா?

சம்பந்தம் இல்லை. இது தாருக் என்ற பூர்வகுடி மக்களின் மொழிப் பெயர். இந்த ஆற்றங்கரையில் வாழ்ந்த குலத்தாரின் பெயர் புரமட்டகல். 'புர' என்றால் விலாங்கு மீன். விலாங்குகள் வந்து தங்கும் இடம் என்று பொருள் சொல்கிறார்கள். கடலிலிருந்து ஏறிவரும் உப்பு நீரும் மேலிருந்து இறங்கும் நன்னீரும் கலக்கும் இடம் இது. விலாங்குக்கு இரண்டும் வேண்டும். உள்ளூர் ரக்பி அணிக்கு ஏன் விலாங்கின் பெயர் என்று கேட்கும் பிள்ளைகளுக்கும் இதுவே பதில்.

பிலிப் முதலில் இதற்கு ரோஸ் ஹில் என்று பெயர் வைத்தார். லண்டனில் கருவூலத்தில் இருந்த ஜார்ஜ் ரோஸ் என்ற அதிகாரியை நினைத்து வைத்த பெயர் அது. 1791 ஜூனில் அதை மாற்றி, அந்த மண்ணின் பெயரையே வைத்தார். பழைய பெயர் பக்கத்தில் ரோஸ்ஹில் என்ற பகுதியாக இன்னும் இருக்கிறது.

அவ்வளவு அழகான துறைமுகத்தை விட்டுட்டு ஏன் 24 கிலோமீட்டர் உள்ளே வந்தாங்க?

பசி. சிட்னி கரையோர மண் மணற்பாங்கானது, விதைத்தது சரியாக விளையவில்லை. கொண்டுவந்த உணவு குறைந்துகொண்டே போனது. படகில் ஆற்றோடு ஏறிப் போக முடிந்த கடைசி இடம் இதுதான். இங்கே மண்ணும் நன்றாக இருந்தது. ஆகவே பண்ணை இங்கே வந்தது, பண்ணையைச் சுற்றி ஊர் வந்தது.

அப்படியும் பஞ்சம் உடனே தீரவில்லை. 1792 ஜூனில் கல்கத்தாவிலிருந்து 'அட்லாண்டிக்' என்ற கப்பல் உணவு ஏற்றிக்கொண்டு வந்தது. அதில் வந்தவை அரிசி, ரவை, பருப்பு. ஆங்கிலேயக் கைதிகள் பரமட்டாவில் பருப்பு வேகவைத்துக்கொண்டிருந்த காட்சியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஊர் இன்னும் கொஞ்சம் நெருங்கி வந்துவிடுகிறது. 1794இல் ஜான் மக்கார்தர் என்ற படை அதிகாரி வங்காளச் செம்மறியாடுகள் அறுபதை வாங்கி இங்கே வளர்த்தார். ஆஸ்திரேலியக் கம்பளித் தொழிலின் பெயரெடுத்த மெரினோ ஆடுகள் அதற்குப் பிறகு வந்தவை.

எக்ஸ்பெரிமென்ட் ஃபார்ம் வீடு முதல் விவசாயி ஜேம்ஸ் ரூஸ் கட்டினதுதானே?

நிலம் அவருடையது, வீடு அவருடையது அல்ல. இந்தக் குழப்பம் எல்லோருக்கும் வருகிறது. ரூஸ் கார்ன்வாலைச் சேர்ந்தவர். வீடு புகுந்து திருடியதற்காக ஏழு ஆண்டுத் தண்டனை பெற்று முதல் கப்பல்களில் வந்தவர். தண்டனை முடிந்ததும் நிலம் கேட்டார். 1789 நவம்பரில் பிலிப் அவருக்குக் கொஞ்சம் நிலமும் விதையும் கொடுத்து, ஒரு குடும்பம் தன் உழைப்பில் சாப்பிட இங்கே எவ்வளவு காலம் ஆகும் என்று பார்த்தார். பண்ணையின் பெயரில் 'சோதனை' இருப்பது அதனால்தான். சாம்பலைக் கலந்து, களையைப் புரட்டி மண்ணுக்குள் மக்கவிட்டு, கைமண்வெட்டியால் உழுது ரூஸ் ஜெயித்தார். அந்த 30 ஏக்கர் அவருக்கே கொடுக்கப்பட்டது. குடியேற்றத்தின் முதல் நிலக்கொடை அதுதான். அது யாருடைய நிலம் என்பதைக் கீழே, புரமட்டகல் மக்களைப் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

1793இல் ரூஸ் அதை மருத்துவர் ஜான் ஹாரிஸிடம் 40 பவுனுக்கு விற்றுவிட்டார். இப்போது நாம் பார்க்கும் வீட்டை ஹாரிஸ் கட்டியது 1830களின் நடுவில். சுற்றியுள்ள பகுதிக்கு ஹாரிஸ் பார்க் என்று பெயர் வந்தது அவரால்தான். தோசை சாப்பிட நாம் அடிக்கடி போகும் அதே ஹாரிஸ் பார்க். கடைத்தெருவிலிருந்து பொடிநடையாகப் போகலாம்.

ஆஸ்திரேலியாவிலேயே பழைய கட்டடம் எது? ஒவ்வொரு இடத்திலயும் 'இதுதான் பழசு'ன்னு எழுதியிருக்கே!

எல்லாப் பலகையும் உண்மைதான், ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு வகையில். ஐரோப்பியர் கட்டி இன்று வரை நிற்கும் கட்டடங்களில் மூத்தது எலிசபெத் ஃபார்ம், 1793. பொதுக் கட்டடங்களில் மூத்தது பழைய ஆளுநர் இல்லம், 1799. இன்று எஞ்சியுள்ள ஐரோப்பியர் இடுகாடுகளில் மூத்தது புனித ஜான் இடுகாடு. அங்கே முதல் அடக்கம் 1790 ஜனவரியில், ஒரு குழந்தையுடையது. மூன்றும் இந்த ஒரே ஊரில் இருக்கின்றன. 'ஐரோப்பியர்' என்ற சொல்லை விட்டுவிட்டுச் சொன்னால் மட்டும் தவறு.

எலிசபெத் ஃபார்மைப் பற்றி இன்னும் கொஞ்சம். மக்கார்தர் தம் மனைவியின் பெயரை வைத்தார். பண்ணை மனைவியின் பெயரில் இருப்பதுதான் சரி என்பேன். 1808இல் ஆளுநர் பிளையைக் கவிழ்த்த கலகத்தின் பின் ஜான் மக்கார்தர் 1809இல் இங்கிலாந்து போய் 1817 வரை திரும்ப முடியவில்லை. அந்த எட்டு ஆண்டும் பிள்ளைகள், பண்ணை, ஆட்டு மந்தை, கணக்கு வழக்கு எல்லாவற்றையும் பார்த்தவர் எலிசபெத். முதலில் கட்டிய வீடு 68 அடி நீளம், 18 அடி அகலம், நான்கு அறை. பிற்காலத்தில் விரிந்த வீட்டுக்குள் அந்தச் சின்ன வீடு இன்னும் இருக்கிறது. இங்கே கயிறு கட்டி மறைக்கவில்லை. நாற்காலியில் உட்காரலாம், இழுப்பறையைத் திறந்து பார்க்கலாம். சிறுபிள்ளைகளைக் கூட்டிப் போக ஊரில் இதைவிட நல்ல இடம் இல்லை.

இந்த வீடுகளைப் பார்த்தா நம்ம ஊர் பங்களா ஞாபகம் வருதே, ஏன்?

உங்கள் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. தாழ்வான கூரை சுற்றிலும் இறங்கி வந்து, மரத்தூண் வைத்த வராந்தாவாக முடியும் அமைப்பு இங்கிலாந்தில் வழக்கத்தில் இல்லாதது. வெயில் நாட்டுக்கு அது ஏற்றது என்று ஆங்கிலேயர் கற்றுக்கொண்ட இடங்களில் முக்கியமானது இந்தியா. எக்ஸ்பெரிமென்ட் ஃபார்ம் வீட்டை இந்திய பங்களா பாணி என்றே வகைப்படுத்துகிறார்கள். அதிகாரிகள், வணிகர்கள், கப்பல்கள் எல்லாமே கல்கத்தாவுக்கும் சிட்னிக்கும் இடையே போய் வந்துகொண்டிருந்த காலம் அது.

சுவரிலும் ஒன்று உண்டு. சிட்னிப் பக்கம் சுண்ணாம்புக்கல் கிடையாது. ஆகவே சிப்பியைச் சுட்டுத்தான் சுண்ணாம்பு எடுத்தார்கள், நம்மூர்க் கிளிஞ்சல் சுண்ணாம்பு மாதிரி. அந்தச் சிப்பிகள் பெரும்பாலும் கரையில் மேடு மேடாகக் குவிந்து கிடந்தவை. பூர்வகுடி மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டுப் போட்ட ஓடுகள் அவை. குடியேறியவர்கள் எழுப்பிய செங்கல் சுவர்களை ஒட்டவைத்தது அந்த மக்களின் சாப்பாட்டுக் குவியல். இதைத் தெரிந்துகொண்ட பிறகு இந்தச் சுவர்களை வெறும் ஆங்கிலேயச் சுவர்களாக என்னால் பார்க்க முடியவில்லை.

பழைய ஆளுநர் இல்லத்துல யார் இருந்தாங்க? உலகப் பாரம்பரியச் சின்னம்னு சொல்றாங்களே, அவ்வளவு பெரிசா தெரியலையே?

பிலிப் 1790இல் கட்டிய சின்ன வீடு சீக்கிரமே பழுதாகிவிட, ஆளுநர் ஹண்டர் 1799இல் புதிதாகக் கட்டினார். 1815 தொடங்கி 1818க்குள் ஆளுநர் லக்லன் மக்குவாரி இரு பக்கமும் இறக்கை சேர்த்துப் பெரிதாக்கினார். 1850கள் வரை ஆளுநர்கள் இங்கே வந்து தங்கினார்கள். 2010இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது இந்த ஒரு வீடு மட்டுமல்ல. ஆஸ்திரேலியா முழுக்க உள்ள 11 கைதிகள் காலத்து இடங்கள் ஒரே தொகுப்பாகச் சேர்ந்தன. அதில் இந்த வீடும் சுற்றியுள்ள பூங்காவும் ஒன்று. கைதிகளின் உழைப்பில் ஒரு நாடே கட்டப்பட்டதற்குச் சாட்சி என்பதுதான் மதிப்பு, அளவு அல்ல.

மக்குவாரி ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகைகளில் சண்டையிட்டவர். 1795இல் கொச்சியில் இரண்டு சிறுவர்களை அடிமைகளாக விலைக்கு வாங்கினார். அவர்களில் ஒருவருக்கு ஜார்ஜ் ஜார்விஸ் என்று பெயர் வைத்து, வாழ்நாள் முழுதும் தன்னோடே வைத்திருந்தார். நியூ சவுத் வேல்ஸுக்கும் கூட்டி வந்தார். அந்தச் சிறுவனுக்குப் பெற்றோர் இட்ட பெயர் வரலாற்றில் இல்லை. வீட்டைச் சுற்றிக் காட்டும்போது ஆளுநரின் மேசையையும் கட்டிலையும் காட்டுவார்கள். அந்த மேசைக்குப் பரிமாறியவரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வீட்டுக்குப் பின்னாடி ரெண்டு கல்தூண் சும்மா நிக்குதே, அது என்ன?

ஒரு வானாய்வுக் கூடத்தின் மிச்சம். 1821 முதல் ஆளுநராக இருந்த தாமஸ் பிரிஸ்பேனுக்கு வானியல் மேல் உயிர். சொந்தச் செலவில் கருவிகளைக் கொண்டுவந்து, 1822இல் வீட்டுக்குப் பின்னால் ஆய்வுக் கூடம் அமைத்தார். தூண்கள் தொலைநோக்கியை அசையாமல் தாங்கியவை. அதே ஆண்டு ஜூனில் அவருடைய உதவியாளர் கார்ல் ரூம்கர் இங்கிருந்து என்கே வால்வெள்ளியைக் கண்டார். அது திரும்பி வரும் என்று ஐரோப்பாவில் கணக்குப் போட்டிருந்தார்கள். கணக்குப்படியே வந்ததைப் பார்த்த கண் பரமட்டாவில் இருந்தது. ரூம்கரும் இன்னொரு உதவியாளர் ஜேம்ஸ் டன்லப்பும் பார்த்துக் குறித்தவற்றிலிருந்து 7,385 தென்வான விண்மீன்களின் பட்டியல் 1835இல் வெளியானது. கூடம் 1847இல் மூடப்பட்டது. இரண்டு கல் மட்டும் இன்னும் வானத்தைப் பார்த்து நிற்கிறது. பூங்காவில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான்.

தேவாலயத்துக் கோபுரம் ஒரு மாதிரி, உடம்பு ஒரு மாதிரி இருக்கே?

ஆமாம், கோபுரம் மூத்தது. புனித ஜான் தேவாலயத்தின் இரட்டைக் கோபுரங்கள் 1819இல் முடிந்தவை. மக்குவாரியின் மனைவி எலிசபெத், கென்ட் கடற்கரையில் ரெகல்வர் என்ற இடத்துக் கோபுரங்களை மனதில் வைத்துக் கேட்டது. அவை சேர்க்கப்பட்ட 1803ஆம் ஆண்டுக் கட்டடத்தை 1850களில் இடித்துவிட்டு, கோபுரத்தை மட்டும் விட்டுப் புதிதாகக் கட்டினார்கள்.

சீட்டாட்டத்துல ஜெயிச்சு ஒருத்தர் வீடு கட்டினாராமே, உண்மையா?

மார்ஸ்டன் தெருவும் ஜார்ஜ் தெருவும் சேரும் முனையில் இருக்கும் பிரிஸ்லிங்டன்தான் அது. முன்னாள் கைதி ஜான் ஹாட்ஜஸ் 1821இல் கட்டினார். சீட்டில் அள்ளிய பணம், ஜெயிக்க வைத்தது டைமண்ட் எட்டு என்பது ஊரில் வழிவழியாகச் சொல்லும் கதை. கதைக்குச் சாட்சியாகப் பின்சுவரில் கருஞ்செங்கல்லால் எட்டு டைமண்ட் வடிவம் பதித்திருக்கிறது. போய் எண்ணிப் பாருங்கள். பின்னாளில் தலைமுறை தலைமுறையாக மருத்துவர்கள் குடியிருந்த வீடு, இப்போது மருத்துவ அருங்காட்சியகம்.

கைதிகள்னா எல்லாரும் கொலைகாரங்களா?

பெரும்பாலும் இல்லை. துணி, ஆடு, பாத்திரம் திருடியதற்கே ஏழு ஆண்டு நாடுகடத்தல். அயர்லாந்திலிருந்து 1798 கிளர்ச்சிக்குப் பின் அனுப்பப்பட்ட அரசியல் கைதிகளும் நிறைய. 1804 மார்ச்சில் காசில் ஹில்லில் எழுந்து பரமட்டாவைப் பிடிக்கத் திட்டமிட்டவர்கள் அவர்கள்தான். கட்டடக் கலைஞர் ஃபிரான்சிஸ் கிரீன்வே பொய்ப் பத்திரம் தயாரித்ததற்காகத் தூக்குத் தண்டனை பெற்று, அது குறைக்கப்பட்டு 14 ஆண்டுத் தண்டனையோடு வந்தவர். 1966இல் ஆஸ்திரேலியா முதல் பத்து டாலர் தாளை அச்சடித்தபோது அதில் அவர் முகம் இருந்தது.

பெண் கைதிகளை வைச்சிருந்த இடமெண்டு சொல்லினம், உள்ளுக்குப் போய்ப் பாக்கலாமோ?

வளாகத்தில் நடக்கலாம் அக்கா. கட்டடங்களுக்குள் போக வழிகாட்டியுடன் செல்லும் நாளாகப் பார்த்து வாருங்கள். ஆற்றுக்கு வடக்கே, கம்பர்லாந்து மருத்துவமனை வளாகத்துக்குள் இருக்கிறது. மேலே சொன்ன கிரீன்வேதான் வரைந்தார், 1821இல் திறந்தார்கள். 'பெண்கள் தொழிற்கூடம்' என்று பெயர். ஆனால் சிறை, நெசவுச்சாலை, பிரசவ விடுதி, வேலைக்கு ஆள் அனுப்பும் இடம், கல்யாணச் சந்தை எல்லாம் அதுவேதான். பெண் தேடும் ஆண்கள் அனுமதிச் சீட்டோடு வந்து, வரிசையாக நிற்கும் பெண்களைப் பார்த்துக் கேட்பார்கள். இங்கே பிறந்த குழந்தைகள் கொஞ்சம் வளர்ந்ததும் தாயிடமிருந்து பிரித்து அனாதை விடுதிக்கு அனுப்பப்பட்டார்கள். தண்டனை வகுப்பில் தலையை மழிப்பார்கள்.

1827 அக்டோபரில் உணவைக் குறைத்தபோது பெண்கள் கதவை உடைத்துக்கொண்டு ஊருக்குள் போய் ரொட்டியும் இறைச்சியும் அள்ளினார்கள். படை வந்து திருப்பி அழைத்துப் போகவேண்டியிருந்தது. இந்த மண்ணில் பெண் தொழிலாளர் நடத்திய முதல் போராட்டம் என்று இதைச் சொல்பவர்கள் உண்டு. நானும் அப்படித்தான் நினைக்கிறேன். 1848இல் அது மனநோயாளர் விடுதியாக மாறியது. மூன்றடுக்குப் பிரதான கட்டடத்தை 1880களில் இடித்தார்கள், பக்கக் கட்டடங்கள் நிற்கின்றன. அடுத்த மதிலுக்குள் 1887 முதல் 1974 வரை சிறுமியர் விடுதி ஒன்று நடந்தது. அங்கே அடைக்கப்பட்டிருந்தவர்களில் பலர் இன்று உயிரோடு இருக்கிறார்கள். அங்கு நடந்த கொடுமைகளை அரச விசாரணை ஆணையத்தில் அவர்களே சொன்னார்கள். மொத்த வளாகமும் 2017இல் தேசியப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. படம் எடுக்கலாம், ஆனால் சிரித்துக்கொண்டு நின்று எடுக்க எனக்கு மனம் வந்ததில்லை.

அப்போ இங்க முன்னாடி இருந்த ஜனங்க என்ன ஆனாங்க? அவங்களைப் பத்தி எந்தக் கட்டடத்துலயும் ஒண்ணும் இல்லையே?

முதல் அடி பெரியம்மை. 1789இல் சிட்னிக் கரையெங்கும் பரவிப் பெருவாரியான மக்களைக் கொன்றது. பிழைத்தவர்களில் பாலோடெரி என்ற புரமட்டகல் இளைஞர் பரமட்டாவுக்கு மீன் கொண்டுவந்து விற்று, ரொட்டியும் அரிசியும் வாங்கிப் போவார். 1791இல் சில கைதிகள் அவருடைய படகை உடைத்துப் போட்டார்கள். அவர் ஒருவனை ஈட்டியால் குத்தினார், மீன் வணிகம் அதோடு நின்றது. அந்த ஆண்டு முடிவதற்குள் நோயில் இறந்தார். 1797இல் பெமுல்வோய் என்ற பிஜிகல் குலத்து வீரர் ஏறக்குறைய நூறு பேருடன் பரமட்டாவுக்குள்ளேயே வந்து படையோடு மோதினார். குண்டு பட்டுப் பிடிபட்டு, கால் விலங்கோடு மருத்துவமனையிலிருந்து தப்பினார். 1802இல்தான் சுட்டுக் கொன்றார்கள். ரூஸுக்குக் கொடுத்த 30 ஏக்கரும் மற்ற கொடைகளும் இந்த மக்களிடம் கேட்காமல் கொடுத்தவை.

1815இல் மக்குவாரி இங்கே பூர்வகுடிப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி தொடங்கினார். பெற்றோர் ஆண்டுக்கு ஒரு நாள் வந்து பார்க்கலாம் என்பது விதி. 1819 தேர்வில் ஏறத்தாழ நூறு வெள்ளைக்காரப் பிள்ளைகளும் எழுத, முதற்பரிசு வாங்கியது மரியா என்ற தாருக் சிறுமி. 1824இல் ராபர்ட் லாக் என்ற தச்சுக் கைதியை மணந்தார். 1831இல் சகோதரருக்குக் கிடைத்த நிலத்தைத் தனக்குத் தரும்படி ஆளுநருக்கே மனு எழுதி, விடாமல் கேட்டு வாங்கினார். இன்றைய தாருக் குடும்பங்கள் பல அவர் வழி வந்தவை. பள்ளி 1823இல் இடம் மாறிப் போன ஊர்தான் பிளாக்டவுன். அந்தப் பெயரும் அதனால் வந்ததுதான்.

கட்டடத்தில் ஒன்றும் இல்லை என்பது சரி. மரத்தில் இருக்கிறது. பரமட்டா பூங்காவில் பட்டை உரித்த தழும்போடு நிற்கும் மரங்கள் சில உண்டு. படகுக்கோ கலத்துக்கோ கேடயத்துக்கோ எடுத்த பட்டையின் தடம் அது.

நம்ம ஊர்ல ஆயிரம் வருஷக் கோயில் இருக்கு. 230 வருஷ வீட்டுக்கு டிக்கெட் வாங்கிப் பார்க்கணுமா?

என் மாமனார் கேட்டது. வயதை வைத்துப் போட்டி போட்டால் இந்த வீடு தோற்றுவிடும், சந்தேகமில்லை. ஆனால் தஞ்சைக் கோயிலின் கல்லை இழுத்தவன் ஒவ்வொருவன் பெயரும் நமக்குத் தெரியாது. இங்கே வந்திறங்கிய கைதியின் பெயர், குற்றம், வந்த கப்பல், யாரிடம் வேலைக்கு அனுப்பப்பட்டார் என்பது வரை ஏட்டில் இருக்கிறது. புனித ஜான் இடுகாட்டில் 1791இல் இறந்த ஹென்றி டாட் என்பவரின் கல் இருக்கிறது. பிலிப்பின் வேலையாள், முதல் பண்ணையை நடத்தியவர். மாமனார் அந்தக் கல்முன் நெடுநேரம் நின்றார். அடுத்த வாரம் எலிசபெத் ஃபார்முக்குத் தானே கிளம்பினார்.

பாரம்பரியக் கட்டடம்னு அறிவிச்சுட்டா இடிக்கவே முடியாதா?

அப்படி நம்பியிருந்தோம். ஆற்றங்கரையில் வில்லோ குரோவ் என்ற 19ஆம் நூற்றாண்டு மாளிகை இருந்தது. ஒரு காலத்தில் பிரசவ மருத்துவமனை. அங்கே பிறந்தவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். புதிய அருங்காட்சியகத்துக்காக அதை அகற்றுவதென முடிவானதும் ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள், கட்டடத் தொழிலாளர் சங்கம் வேலை செய்ய மறுத்தது, வழக்கும் நடந்தது. 2021இல் பிரித்தெடுத்துவிட்டார்கள். வேறிடத்தில் மறுபடி கட்டுவதாக அரசு வாக்குக் கொடுத்தது. அருங்காட்சியகமே தேவையில்லை என்பவன் அல்ல நான். ஆனால் வராந்தாவும் மரமும் ஆறும் சேர்ந்து இருந்ததுதான் அந்த வீடு.

ஒரே நாள்தான் இருக்கு, எதை எந்த வரிசையில பார்க்கலாம்?

முடிந்தால் சிட்னி துறைமுகத்துச் சர்க்குலர் கீ படகுத்துறையிலிருந்து படகில் வாருங்கள், பிலிப் வந்த வழி அது. நீர் வற்றும் நேரத்தில் படகு முந்தைய துறையான ரைடல்மியரோடு நின்றுவிடும், நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். இறங்கியதும் கிழக்கே எலிசபெத் ஃபார்ம், அதன் பக்கத்தில் 1824இல் மக்கார்தர் பிள்ளைகளின் ஆசிரியைக்காகக் கட்டிய ஹாம்பிள்டன் குடில், பிறகு எக்ஸ்பெரிமென்ட் ஃபார்ம். மதியச் சாப்பாடு ஹாரிஸ் பார்க்கில். அதன் பின் ஜார்ஜ் தெரு வழியாக பிரிஸ்லிங்டன், பூங்கா, ஆளுநர் இல்லம், கல்தூண்கள். வெயில் தாழ்ந்ததும் 1839இல் முடிந்த லெனக்ஸ் பாலத்தருகே ஆற்றைக் கடந்து, வடகரையோடு பெண்கள் தொழிற்கூடம் வரை நடக்கலாம். உள்ளே போகும் வீடுகள் எல்லா நாளும் திறந்திருப்பதில்லை. கிளம்புமுன் ஒவ்வொன்றின் நேரத்தையும் பார்த்துவிடுங்கள். தொப்பியும் தண்ணீரும் கட்டாயம்.